வீடு கட்டித் தரும் தொழிலும் நமது பற்று வரவும்

மளிகை வியாபாரிகள் படிக்கும் பத்திரிகையில் வீடு கட்டும் தொழிலைப் பற்றி எழுதுவானேன் என்று உறுப்பினர்கள் சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. நமது உத்திரமேரூர் வட்டாரத்தில், திருப்புலிவனம் முதலான ஊர்களில், சிறிய அளவில் வீடு கட்டித் தரும் மேஸ்திரிகள் பலர் நமது கடைகளில் பற்று வைத்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்து வேலை நடக்கும் இடத்திலேயே தங்கும் கொத்தனார், சித்தாள், கம்பி கட்டும் ஆட்கள் ஆகியோருக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் மேஸ்திரியின் பெயரில்தான் போகின்றன. இது தவிர, கடையில் வருமானம் போதவில்லை என்று நம்மவர்களின் பிள்ளைகளே சிலர் இத்தொழிலில் இறங்கி வருகிறார்கள். ஆகவே இதில் பணம் எப்படி வருகிறது, எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறது என்பதை நமக்குத் தெரிந்தவரை எழுதுகிறோம். நாம் இஞ்சினீயர் அல்ல. மூட்டை நிறுத்தும் பேரேடு எழுதியும் பழகியவர்கள். அந்தக் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறோம்.

முதலில் நமக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறோம். கொத்தனாராக இருந்து மேஸ்திரியாகி, பிறகு சொந்தமாக வீடு எடுத்துக் கட்ட ஆரம்பித்தவர் ஒருவர். வேலை சுத்தம், குடிப்பழக்கம் கிடையாது. 2021 தை மாதம் முதல் வீட்டுக்குக் கடைக்கால் போட்டார். அந்த ஆவணியில் இரண்டாவது வீடு, 2022 பங்குனியில் மூன்றாவது வீடு. திருப்புலிவனத்தில் நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் அவருடைய ஆட்களுக்கு மளிகை கொடுத்து வந்தார். 2022 ஆடியில் மூன்றாவது வீடு லிண்டல் மட்டத்தில் நின்றுபோயிற்று. ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். கடைக்காரரின் சிட்டையில் மேஸ்திரி பெயரில் நின்ற பாக்கி 63,000 ரூபாய். கடைக்காரர் நமக்குத் தர வேண்டிய தொகையும் அதனோடு சேர்ந்து நின்றது. நம்மீதும் தவறு உண்டு. அந்தக் கடைக்கு மாதா மாதம் சரக்கு கூடுதலாகப் போகிறதே என்று மகிழ்ந்தோமே ஒழிய, அது எங்கே போகிறது என்று கேட்கவில்லை.

மேஸ்திரி ஓடி ஒளியவில்லை. கடைக்காரர் அழைத்து வர, ஒரு ஞாயிற்றுக்கிழமை நமது மண்டியில் வந்து உட்கார்ந்தார். "மூணு வீடு வேலை பார்த்தேன் முதலாளி, கையில ஒண்ணும் இல்ல, எங்க போச்சுன்னும் தெரியல" என்றார். ஏமாற்றுக்காரர் பேச்சு அப்படி இருக்காது. அவரிடம் இருந்த ரசீதுகள், துண்டுச் சீட்டுகள், ஆட்கள் கூலி எழுதிய டைரி எல்லாவற்றையும் வாங்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் பற்று வரவு போட்டுப் பார்த்தோம். காலையில் ஆரம்பித்தது விளக்கு வைக்கும் நேரம் வரை ஆயிற்று.

முதல் வீடு 800 சதுர அடி. சதுர அடி 2,000 ரூபாய் வீதம் 16 லட்சத்துக்குப் பேசியது. செலவு 17,10,000. வித்தியாசம் 1,10,000. இதில் 70,000 ரூபாய் பேச்சில் இல்லாத வேலைகளுக்குப் போனது: கூடுதலாக இரண்டு பரண், மாடிப்படிக்கு மேல் மூடி, சமையலறையில் இன்னொரு மேடை, முன்பக்கம் சன்ஷேடை நீட்டியது. வீட்டுக்காரர் அம்மா கேட்டார், இவர் "செஞ்சிடலாம்மா" என்றார். விலை பேசவில்லை, எழுதவுமில்லை. மீதி 40,000 விலை ஏற்றம். 2021ஆம் ஆண்டு சிமெண்ட், கம்பி விலை எப்படி ஏறிற்று என்பது நினைவிருக்கும். தமிழ்நாடு சிமெண்ட் கழகம் அந்த நவம்பரில் "வலிமை" என்ற சிமெண்டைக் குறைந்த விலைக்கு வெளியிட்டதே அதன் காரணமாகத்தான். சாதாரண வீட்டுக்குச் சதுர அடிக்கு ஏறக்குறைய 0.4 மூட்டை சிமெண்டும் மூன்றரை முதல் 4 கிலோ கம்பியும் பிடிக்கும் என்பது தொழிலில் உள்ளவர்கள் வைக்கும் தோராயம். 800 அடிக்கு 320 மூட்டை, சுமார் 3 டன். மூட்டைக்கு 40 ரூபாயும் கிலோவுக்கு 9 ரூபாயும் ஏறினால் 39,800 ரூபாய். பேசிய தொகையோ மாறவில்லை.

நமது வியாபாரத்தில் துவரம் பருப்பு விலை ஏறினால் மறுநாள் காலை விலைப் பலகையை மாற்றி எழுதிவிடுகிறோம். வீடு கட்டுபவர் இன்று சொன்ன விலைக்குப் பத்து மாதம் சரக்கு போட வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தை உணராமல்தான் நம்மவர் பிள்ளைகளும் இதில் இறங்குகிறார்கள்.

முதல் வீட்டில் விழுந்த பள்ளத்தை மேஸ்திரி எப்படி மூடினார்? இரண்டாவது வீட்டுக்காரர் கொடுத்த முன்பணத்தில்தான் முதல் வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டி, பெயிண்ட் அடித்து, கிரகப் பிரவேசம் நடந்தது. இரண்டாவது வீட்டில் 60,000 நஷ்டம். அதை மூன்றாவது வீட்டு முன்பணம் தாங்கிற்று. தனக்கென்று சம்பளம் எழுதிக்கொள்ளாததால் குடும்பச் செலவு 90,000மும் அதே பையிலிருந்து போயிருக்கிறது. ஆக மூன்றாவது வீட்டுக்காரர் கொடுத்த பணத்தில் 2,60,000 அந்த வீட்டின் சுவரில் இல்லை. வேறு இரண்டு வீடுகளிலும் மேஸ்திரி வீட்டு அடுப்பிலும் இருந்தது. நான்காவது வீடு கிடைத்திருந்தால் இதுவும் வெளியே தெரிந்திராது. ஆனால் ஆடி வந்துவிட்டது. பஞ்சாங்கத்தில் ஆடியிலும் வாஸ்து நாள் உண்டு என்றாலும், நம் பக்கத்தில் ஆடியில் கடைக்கால் போட மனம் ஒப்புவதில்லை. புது வீடு இல்லை, புது முன்பணம் இல்லை, சக்கரம் நின்றுவிட்டது. மார்கழியிலும் இதே நிலைதான். மேஸ்திரிக்குப் பற்று கொடுக்கும் கடைக்காரர்கள் ஆனி மாதக் கடைசியிலும் கார்த்திகைக் கடைசியிலும் பாக்கியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டு வீடு ஒரே சமயத்தில் எடுத்ததுதான் தவறு என்று சிலர் சொல்லுவார்கள். அப்படியல்ல. தளம் கான்கிரீட் போட்டபின் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். முட்டுகளை உடனே பிரிக்க முடியாது. அகலத்தைப் பொறுத்து 7 முதல் 14 நாட்கள் என்று விதி இருக்க, நமது பக்கத்தில் அதற்கு மேலும் விடுகிறார்கள். அந்த நாட்களில் கொத்தனாரைச் சும்மா உட்கார வைத்தால் வேறு மேஸ்திரியிடம் போய்விடுவார். அவருக்குக் கூலி கொடுக்க இன்னொரு வீடு வேண்டும். ஆட்கள் இரண்டு வீட்டுக்கும் போகலாம்; பணம் போகக்கூடாது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது கணக்கு எழுதினால்தான் கண்ணுக்குத் தெரியும்.

கணக்கு என்றதும் நமது ஊர்ப் பெருமை நினைவுக்கு வருகிறது. உத்திரமேரூர் கோவில் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியவை. வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்று அதில் உள்ளது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியில்லை என்றும் உள்ளது. வீட்டையும் கணக்கையும் ஒரே சுவரில் எழுதி வைத்த ஊரில் இருந்துகொண்டு துண்டுச் சீட்டில் காலம் தள்ளுகிறோம். போகட்டும்.

இனி தவணை விஷயம். பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு, பினிஷிங் என்று கட்டங் கட்டமாகப் பணம் வாங்குவது வழக்கம். 2024இல் தொடங்கிய அரசின் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில்கூட, 360 சதுர அடி வீட்டுக்கான மூன்றரை லட்சம் ரூபாயைக் கட்டங் கட்டமாகத்தான் பயனாளியின் வங்கிக் கணக்கில் செலுத்துகிறார்கள். ஆனால் கட்டம் முடிந்தபின் வாங்குவதா, தொடங்கும் முன் வாங்குவதா என்பதில்தான் மேஸ்திரியின் உயிர் இருக்கிறது. தளம் போடும் நாளில் சிமெண்ட், ஜல்லி, மணல், கம்பி, சென்ட்ரிங் வாடகை, கான்கிரீட் ஆட்கள் கூலி எல்லாம் ஒரே சமயத்தில் கேட்கும். அந்தத் தவணை கைக்கு வராமல் தளம் போடுகிறவர் நம்மைப் போன்ற கடைக்காரர் பணத்தில்தான் போடுகிறார். பினிஷிங்கில் வேறு ஆபத்து. அதற்குள் வீட்டுக்காரர் கையிருப்பு தீர்ந்திருக்கும். டைல்ஸ், கதவு, குழாய், மின்சார சாமான்களிலோ ஆசை கூடியிருக்கும். ஆகவே முந்திய கட்டங்களிலேயே கணக்கைச் சரிக்கட்டி, கடைசித் தவணையைச் சிறியதாக வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. கூடுதல் வேலை எதுவானாலும் தொகை எழுதி, வீட்டுக்காரர் கையெழுத்து வாங்கிய பிறகே செங்கல்லைத் தொட வேண்டும். சிமெண்டும் கம்பியும் பேசிய நாள் விலைக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் வித்தியாசத்தைக் கணக்கில் கொள்வதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். இறங்கவும் இறங்கும், 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததே.

கம்பியை மட்டும் எடை பார்க்காமல் இறக்கக்கூடாது. மில்லிமீட்டர் கனத்தை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மில்லி என்றால் 144ஐ 162ஆல் வகுக்க 0.89 கிலோ, 12 மீட்டர் நீளத்துக்கு சுமார் பத்தே முக்கால் கிலோ. மூட்டைக்கு அரை கிலோ குறைந்தாலும் கேள்வி கேட்கும் நம்மவர்கள், வீடு கட்டும்போது லாரிக்காரர் சொன்ன எடையை அப்படியே எழுதிக்கொள்வது ஆச்சரியம்தான்.

பழைய வீட்டைத் திருத்திக் கட்டும் வேலைக்குச் சதுர அடி விலையே பொருந்தாது. நமது கிராமங்களில் ஓட்டு வீடுகளும், தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து போட்ட மெட்ராஸ் தளங்களும் இன்னும் இருக்கின்றன. இடித்துப் பார்க்காமல் உள்ளே விட்டம் உளுத்திருக்கிறதா, சுவர் மண் சுவரா என்பது தெரியாது. பக்கத்து வீட்டுக்கும் பொதுச் சுவராக இருந்துவிட்டால் ஊர்ப் பஞ்சாயத்தும் சேர்ந்துகொள்ளும். இதற்கு நாள் கூலியும், பில் விலைக்குச் சாமானும், அதன்மேல் மேஸ்திரிக்கு ஒரு சதவீதமும் என்று பேசுவதே நியாயம். பிரிக்கும் மரம், கதவு, ஓடு ஆகியவை யாருக்குச் சேரும் என்பதையும் முன்பே எழுதிவிட வேண்டும். பழைய தேக்கு நிலை ஒன்றுக்காக உறவு முறிந்த வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. தனி வீட்டுக்குக் கூலி மட்டும் பேசிச் செய்யும் வேலைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. சாமானும் சேர்த்து எடுத்தால் அது ஒப்பந்த வேலையாகி 18 சதவீத வரிக்கு உட்படும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும். 16 லட்ச ரூபாய் வீடு இரண்டு எடுத்தாலே தாண்டிவிடும் என்பதை நமது மேஸ்திரி அறிந்திருக்கவில்லை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் நம் ஊர்த் தனி வீட்டு வேலைகளைத் தொடுவதில்லை. அதற்காக வீட்டுக்காரருக்கு வழி இல்லை என்று எண்ண வேண்டாம். வீடு கட்டித் தருவதும் ஒரு சேவை என்று 1993லேயே நுகர்வோர் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது இருக்கிறது. கடைக்காரர்களுக்கு ஒன்று: விற்ற சரக்கின் பாக்கிக்கு வழக்குப் போட 3 ஆண்டுதான் கெடு. கெடு முடியுமுன் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்து வாங்கினால் அன்றிலிருந்து மறுபடி 3 ஆண்டு கிடைக்கும்.

மேஸ்திரி விஷயத்தில் வழக்குக்குப் போகவில்லை. மூன்றாவது வீட்டுக்காரரை அழைத்துக் கணக்கைக் காட்டினோம். முதலில் கோபப்பட்டார், கோபப்பட உரிமை உள்ளவர். பிறகு சாமான்களைத் தாமே வாங்கிப் போடுவதாகவும், மேஸ்திரி கூலிக்கு மட்டும் வேலை செய்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பகுதியைப் பழைய பாக்கியில் கழித்துக்கொள்வதாகவும் எழுதிக்கொண்டார்கள். கடைக்காரருக்கு வாரம் 1,500 வீதம் 42 வாரம் என்று பேசியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சில வாரங்கள் விட்டுப்போய் ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. நமது பாக்கியும் அதற்குப் பின்தான் தீர்ந்தது.

அந்த மேஸ்திரி இப்போதும் வீடு கட்டுகிறார். கடையில் ஆட்களுக்கு அரிசி எடுக்க வரும்போது, தன் பெயரோடு எந்த வீட்டுக்கு என்றும் சேர்த்து எழுதச் சொல்லி, சிட்டையை வாங்கிப் பார்த்த பிறகுதான் மூட்டையை வண்டியில் ஏற்றுகிறார்.