சேவல் தொப்பியில் ஒளிந்திருக்கும் கணிதம்

வீட்டில் அக்காவோ அத்தையோ குரோஷா ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேசை விரிப்பு, பூச்சாடிக்கு அடியில் போடும் வட்ட விரிப்பு, கைக்குழந்தைக்குத் தொப்பி என்று ஏதாவது ஒன்று அவர்கள் விரல்களிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும். "எனக்குக் கணக்குப் பாடம் இருக்கிறது" என்று சொல்லி நீங்கள் எழுந்து போயிருக்கலாம். உண்மையில் கணக்குப் பாடம் அங்கேதான் நடந்துகொண்டிருந்தது!

முதன்முதலாகத் தொப்பி பின்னுகிறவர்களுக்கு இரண்டு விபத்துகள் நேரும். தட்டையாக வர வேண்டிய உச்சிவட்டம் கிண்ணம்போல் குவிந்துவிடும். அல்லது ஓரமெல்லாம் சுருக்கம் சுருக்கமாக அலைபாயும். உடனே நூலைப் பிரித்துவிடுவார்கள். நீங்கள் பிரித்துவிட வேண்டாம். கணித மேதைகள் இரண்டாயிரம் ஆண்டுகள் தேடிய ஒரு பொருள் அந்தச் சுருக்கத்தில் இருக்கிறது.

நூலும் ஊசியும்

மதுரைக்கும் நூலுக்கும் உள்ள உறவு பழையது. ரயில் நிலையத்துக்கு அருகே ஹார்வி சகோதரர்கள் 1892இல் நிறுவிய நூற்பாலையைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த மதுரை மில்ஸ்தான் 1974இல் கோட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று.

நமது தொப்பிக்கும் பருத்தி நூலே ஏற்றது. சித்திரைத் திருவிழா வெயிலில் கம்பளித் தொப்பி போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பருத்தி வியர்வையை உறிஞ்சும். பின்னலின் துளைகள் வழியே காற்றும் புகும்.

தேவையானவை: தடித்த பருத்தி நூல் நான்கைந்து நிறங்களில், 4 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு குரோஷா ஊசி, ஓர் அளவுநாடா. குரோஷா ஊசியின் முனையில் சிறு கொக்கி இருக்கும். ஒரு கண்ணிக்குள் கொக்கியை விட்டு நூலை இழுத்தால் அடுத்த கண்ணி பிறக்கும். இந்த வேலை முழுவதும் அவ்வளவுதான். கைப்பழக்கத்தை வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் வந்துவிடும்.

ஆறு என்ற மந்திர எண்

நான்கு சங்கிலிக் கண்ணிகளை வளையமாக இணைத்து, அதற்குள் 6 கண்ணிகள் போடுங்கள். இது முதல் சுற்று. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டாகப் போட்டால் 12 ஆகும். மூன்றாம் சுற்றில் ஒன்றுவிட்டு ஒரு கண்ணியில் இரட்டித்தால் 18. நான்காம் சுற்றில் மூன்றுக்கு ஒன்று இரட்டித்தால் 24. இப்படிச் சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டே போனால் அப்பளம்போல் தட்டையான வட்டம் கிடைக்கும்.

அது ஏன் ஆறு? ஐந்தோ எட்டோ ஏன் கூடாது?

வட்டத்தின் சுற்றளவு 2πr என்று படித்திருக்கிறீர்கள். ஒரு சுற்றுப் பின்னும்போது ஆரம் ஒரு கண்ணியின் உயரம் அளவுக்குக் கூடுகிறது. அந்த உயரத்தை h என்று வைத்துக்கொள்வோம். புதிய சுற்றளவு 2π(r + h). பழைய சுற்றளவைக் கழித்தால் மிஞ்சுவது 2πh. அதாவது, கண்ணியின் உயரத்தைப்போல் ஏறக்குறைய 6.28 மடங்கு. இந்த வகைக் கண்ணியின் அகலமும் உயரமும் ஏறத்தாழச் சமம். ஆகவே சுற்றுக்கு ஆறு கண்ணிகள் கூட்டினால் கணக்குச் சரியாகிவிடுகிறது.

இன்னொரு வியப்பையும் கவனியுங்கள். விடையில் r இல்லவே இல்லை! நீங்கள் பின்னும் வட்டம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தையே மூடும் அளவுக்குப் பெரிதாகிவிட்டது என்று கற்பனை செய்யுங்கள். அடுத்த சுற்றுக்கு எத்தனை கண்ணிகள் கூட்ட வேண்டும்? அப்போதும் அதே ஆறுதான்.

இனி உங்கள் தலையை அளங்கள். சுற்றளவு 54 செ.மீ. என்று கொள்வோம். பின்னல் இழுத்தால் விரியும். ஆகவே 51 செ.மீ. போதும். ஒரு கண்ணியின் அகலம் அரை செ.மீ. என்றால் 102 கண்ணிகள் வேண்டும். 102ஐ 6ஆல் வகுத்தால் 17. எனவே 17 சுற்றுகள் வரை கூட்டுங்கள். பிறகு கூட்டுவதை அடியோடு நிறுத்திவிட்டு, 102 கண்ணிகளாகவே 24 சுற்றுகள் பின்னுங்கள். வட்டம் கீழ்நோக்கி மடங்கி உருளையாக இறங்கும். மூன்று சுற்றுக்கு ஒரு முறை நிறத்தை மாற்றினால் தொப்பியும் அழகாகும். சுற்றுகளை எண்ணுவதும் எளிதாகும்.

கிண்ணமும் கொண்டையும்

சுற்றுக்குச் சுற்று கூட்டுவதை 6, 5, 4 என்று குறைத்தால் சுற்றளவு போதாமல் பின்னல் கிண்ணமாகக் குவியும். ஆரஞ்சுத் தோலின் வளைவும் இதே வகைதான். அந்தத் தோலைத் தரையில் வைத்து அமுக்கினால் ஓரம் கிழியும்.

இதற்கு நேர்மாறாக, ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும்? 6, 12, 24, 48, 96, 192! தட்டை வட்டமாக இருந்தால் ஆறாம் சுற்றில் 36 கண்ணிகளே இருக்க வேண்டும். 36 இருக்க வேண்டிய இடத்தில் 192 நெருக்கினால், இடம் போதாமல் ஓரம் மேலும் கீழும் அலைபாயும்.

இதே வடிவத்தை மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் கூடை கூடையாகப் பார்க்கலாம். கோழிக்கொண்டைப் பூவைச் சொல்கிறேன். நடுப்பகுதியைவிட விளிம்பு விரைவாக வளர்வதால்தான் அதற்கு அந்தச் சுருக்கங்கள் வந்தன.

இரண்டாயிரம் ஆண்டுப் புதிர்

ஒரு நேர்கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக ஒரே ஓர் இணைகோடுதான் வரைய முடியும் என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் வகுத்த ஐந்தாம் எடுகோளிலிருந்து வருவது இது. மற்ற எடுகோள்களைக் கொண்டு இதை நிரூபிக்கப் பலர் முயன்று தோற்றார்கள். ரஷ்யாவின் லோபசெவ்ஸ்கி 1829இலும் ஹங்கேரியின் போயாய் 1832இலும், இணைகோடுகள் பல இருக்கக்கூடிய வேறொரு வடிவ கணிதத்தைத் தனித்தனியே வெளியிட்டார்கள். அதிபரவளைய வடிவ கணிதம் என்பது அதன் பெயர். அங்கே முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகைக்குக் குறைவாகவே வரும்.

ஆனால் அந்தப் பரப்பைக் கையில் எடுத்துப் பார்ப்பது எப்படி? காகிதத்தில் செய்த மாதிரிகள் எளிதில் கிழிந்துபோயின. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய, லாட்வியாவில் பிறந்த டைனா டைமினா என்ற கணித ஆசிரியை 1997இல் குரோஷா ஊசியைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு வரிசையிலும் ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிப் பின்னினார். மடிக்கலாம், நீட்டலாம், கிழியாது! அதை மடித்தால் மடிப்பு ஒரு நேர்கோடு. வெளியே ஒரு புள்ளி வழியாக, அந்தக் கோட்டைத் தொடாத மடிப்புகள் பலவற்றை அதில் போட்டுக் காட்டலாம். பாட்டியிடம் கற்கும் கைவேலை, பல்கலைக்கழக வகுப்பில் பாடக்கருவியாயிற்று.

கொண்டை வைப்போம்

உங்கள் தொப்பியை முடிப்போமா? உச்சியில், முன்னிருந்து பின்னாக ஒரே கோட்டில் 24 கண்ணிகளைச் சிவப்பு நூலால் எடுங்கள். அவை ஒவ்வொன்றிலும் மூன்று போட்டால் 72 ஆகும். அடுத்த வரிசையில் ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டால் 144. பிறகு கூட்டாமல் இரண்டு வரிசை பின்னி முடிச்சுப் போடுங்கள். அடி 12 செ.மீ.; விளிம்போ 72 செ.மீ. அது நேராக நிற்குமா? நெளிந்து நெளிந்து அசல் சேவல் கொண்டையாக எழுந்து நிற்கும்!

இப்போது உங்கள் தலையில் தட்டையும் உருளையும் அலைபாயும் பரப்பும் ஒன்றாக இருக்கின்றன. யாராவது சிரித்தால் கோபப்படாதீர்கள். ஆறிலிருந்து தொடங்கி இரட்டித்துக்கொண்டே போனால் பத்தாம் சுற்றில் எத்தனை கண்ணிகள் வரும் என்று மட்டும் கேளுங்கள். விடையை நீங்கள் முன்னதாகவே கணக்கிட்டு வைத்துக்கொள்வது நல்லது.