ஓடினால் எவ்வளவு மிச்சம்?

கல்லிடைக்குறிச்சிக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் மேற்கு மலையைத் தாண்டிக் காற்றோடு வரும் சாரல் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டுவது இன்னொன்று. குடையில்லாமல் கடைத்தெருவில் மாட்டிக்கொண்டவர் வீட்டுக்கு ஓடுவதா, நடப்பதா? எந்த மழை என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். "ஓடுனா மட்டும் நனைய மாட்டியாக்கும்?" என்று திண்ணையிலிருந்து குரல் கொடுக்கும் பெரியவர் காற்றில்லாத சாரலுக்கு ஏறக்குறைய சரி, கார்த்திகை மழைக்குத் தப்பு.

முதலில் காற்றில்லாத கனமழை. நம்மேல் தண்ணீர் இரண்டு வழியாகச் சேர்கிறது. தலையிலும் தோளிலும் விழுவது ஒன்று. எத்தனை நொடி மழையில் இருக்கிறோமோ அதற்கேற்ப அது கூடும். மற்றது நாமே போய் முட்டிக்கொள்ளும் தண்ணீர். நெஞ்சும் வயிறும் தொடையும் எதிரே இருக்கும் துளிகளை வாரிக்கொண்டே போகின்றன. வேகமாக ஓடினால் இது கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நொடிக் கணக்கில் கூடத்தான் செய்கிறது. ஆனால் ஓட்டம் சீக்கிரம் முடிந்துவிடுகிறதே! தூரம் ஒன்றென்றால், வழியில் உடம்பு வாரும் தண்ணீரும் ஒன்றுதான்.

மணிக்கு 50 மி.மீ. மழை என்று வைத்துக்கொள்வோம். மிகையில்லை: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியபோது சராசரியே மணிக்கு 40 மி.மீ. அளவுக்கு இருந்தது. துளிகள் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் விழுந்தால், அப்படிப்பட்ட மழையிலும் ஒரு கன மீட்டர் காற்றுக்குள் இருக்கும் தண்ணீர் சுமார் 2 கிராம்தான். உடம்பின் முன்பரப்பு 0.6 சதுர மீட்டர், மேல்பரப்பு 0.1 சதுர மீட்டர், போக வேண்டியது 200 மீட்டர். முன்பக்கம் வாருவது 240 கிராம். தலைவழியே, நொடிக்கு 1.4 மீட்டர் நடந்தால் 200 கிராம். 4 மீட்டர் ஓடினால் 70. மொத்தம் 440-க்கு 310. முப்பது சதவீதம் மிச்சம். உசைன் போல்ட்டே ஓடினாலும் அந்த 240-ஐக் குறைக்க முடியாது.

இதை வேலைமெனக்கெட்டு ஆராய்ந்தவர்கள் உண்டு. இத்தாலிய இயற்பியலாளர் அலெசாண்ட்ரோ டி ஆஞ்செலிஸ் 1987-இல் கணக்குப் போட்டு, விழுந்தடித்து ஓடினாலும் வேக நடையைவிடப் பத்து சதவீதம்தான் லாபம் என்றார். அமெரிக்காவில் தாமஸ் பீட்டர்சன், ட்ரெவர் வாலிஸ் என்ற இரண்டு வானிலையாளர்கள் கணக்கோடு நிற்கவில்லை. ஒரே மாதிரி உடுப்பு, உள்ளே ஈரம் இறங்காமல் பிளாஸ்டிக், 100 மீட்டர் தூரம். ஒருவர் நடந்தார், ஒருவர் ஓடினார். பிறகு துணியை நிறுத்துப் பார்த்தார்கள். ஓடியவர் துணியில் நாற்பது சதவீதம் குறைவான தண்ணீர். 1997-இல் வெளியான இந்தச் சோதனையைத்தான் நான் அதிகம் நம்புவேன். தராசுக்கு எந்தக் கட்சியும் கிடையாது.

சாரல் வேறு. அரை மி.மீ. துளி நொடிக்கு 2 மீட்டர்தான் இறங்கும். விழுவதைவிட மிதப்பதே அதிகம். மணிக்கு 2 மி.மீ. சாரலில், காற்று அடங்கியிருக்கும்போது, அதே 200 மீட்டருக்கு நடந்தால் சுமார் 41 கிராம், ஓடினால் 36. ஐந்து கிராமுக்காக மூச்சு வாங்க வேண்டியதில்லை.

ஆனால் சாரல் காற்றில்லாமல் வருவது அபூர்வம். பிரான்கோ போச்சி என்ற ஆய்வாளர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பிடித்துக்கொண்டது: காற்று முதுகுப் பக்கமிருந்து அடித்தால், அந்தக் காற்றின் வேகத்திலேயே போவதுதான் பொதுவாக நல்லது. மேல்காற்று நொடிக்கு 3 மீட்டர் என்றால், மணிமுத்தாறு பக்கமிருந்து ஊரைப் பார்த்து வருகிறவர் அதே வேகத்தில் மெதுவாக ஓடினால் போதும். முன்னும் நனையாது, பின்னும் நனையாது. உச்சந்தலை மட்டும் ஈரமாகும். நடந்தால் முதுகு நனையும், பாய்ந்தால் நெஞ்சு நனையும். அதே காற்றுக்கு எதிரே மலையைப் பார்த்துப் போகிறவர் ஓடத்தான் வேண்டும். நடப்பவர்மேல் ஏறத்தாழ இரண்டு மடங்கு தண்ணீர் ஏறும். அம்பாசமுத்திரத்துக்குப் போகும் ஆற்றுப் பாலத்தில் காற்று விலாவில் அடிக்கும். அங்கேயும் ஓட்டம்தான், வழுக்காமல் இருந்தால்.

இந்த ஊரில் மழைக்கு அஞ்ச மனிதரைவிட அப்பளத்துக்குத்தான் அதிகக் காரணம் உண்டு. காயப்போட்டதைச் சுளகில் அள்ளிக்கொண்டு ஓடும் பெண்ணைக் கவனியுங்கள். படுக்கையாகப் பிடித்த சுளகுக்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது, மேல்பக்கம் மட்டும்தான். ஆகவே வேகம் இரண்டு மடங்கானால் அதில் விழும் தண்ணீர் சரிபாதி. தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு அந்த அளவு லாபமில்லை. முன்விளிம்பைத் தாழ்த்தினால் எதிரே வரும் துளியையும் சுளகு வாங்கிக்கொள்ளும். சற்றே உயர்த்திப் பிடித்தால் இன்னும் குறையும். ரொம்ப உயர்த்தினால் அப்பளம் சரிந்து சேலையில் விழும்.