ஐந்து மைக்ரானுக்குள் ஒரு மருந்து

இடவப்பாதி மழைக்கு முன் பாறசாலையிலிருந்து வெள்ளறடைப் பக்கம் போனால் ரப்பர் தோட்டங்களில் மருந்தடிப்பதைப் பார்க்கலாம். மைக்ரான் ஸ்பிரேயர் இரைந்துகொண்டே, எண்ணெயில் கலந்த செம்பு மருந்தைப் புகைபோல உச்சிக் கொம்புவரை ஊதி ஏற்றும். துளி பெரிதானால் பாதி வழியிலேயே விழுந்துவிடும். மிகவும் நுண்ணியதானால் காற்றோடு போய்விடும். இடைப்பட்ட அளவில் இருந்தால்தான் இலையில் படியும்.

நுரையீரல் புற்றுநோய்க்கு மூச்சு வழியே மருந்து கொடுக்க முயலும் விஞ்ஞானிகளுக்கும் முதல் சிக்கல் இதுதான். நம் நெஞ்சுக்குள் இருப்பதும் தலைகீழாக நிற்கும் ஒரு மரம். மூச்சுக்குழல் அடிமரம்; அது சுமார் 23 தடவை கிளைத்துக் கிளைத்து, கோடிக்கணக்கான காற்றுப் பைகளில் முடிகிறது. 10 மைக்ரான் துளி தொண்டை வளைவிலேயே மோதி ஒட்டிக்கொள்ளும். 1 முதல் 5 மைக்ரான்வரை உள்ளவை கீழே இறங்கிப் படியும். அதைவிட நுண்ணியவற்றில் பெரும்பகுதி விட்ட மூச்சோடு வெளியேறிவிடும். தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால், இந்தத் துளிகளின் நுண்மையை எண்ணிப் பாருங்கள். இன்ஹேலரை இழுத்தபின் "பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடியுங்கள்" என்று டாக்டர் சொல்வது, அந்தத் துளிகள் படிய நேரம் கொடுப்பதற்காகத்தான்.

மூச்சு வழி மருந்து நமக்குப் புதிதல்ல. ஆஸ்துமாவுக்கு ஊமத்தைப் புகை பிடிப்பது இந்தியாவின் பழைய வழக்கம். 1802 வாக்கில் சென்னையிலிருந்த ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் மூலம் அது பிரிட்டனுக்குப் போனது. (ஊமத்தை கடும் விஷம், யாரும் முயன்று பார்க்க வேண்டாம்.) ஊமத்தையில் உள்ள அட்ரோபினின் வழிவந்த இப்ரட்ரோபியம் இன்றும் நெபுலைசரில் ஊற்றப்படுகிறது. கையில் அடங்கும் அழுத்த இன்ஹேலர் அமெரிக்காவில் 1956இல் வந்தது. வாசனைத் திரவியம் தெளிப்பதுபோல என் மருந்தையும் தெளிக்க முடியாதா என்று, ஆஸ்துமா இருந்த 13 வயது மகள் மருந்து நிறுவனத் தலைவரான தன் தந்தை ஜார்ஜ் மெய்சனிடம் கேட்ட கேள்வியில் பிறந்தது அது.

புற்றுநோய்க்கு ஏன் இந்த வழி? சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை ரத்தநாளத்தில் ஏற்றினால் அது உடம்பெங்கும் ஓடும். கட்டிக்குப் போய்ச் சேருவது கொஞ்சம். சிறுநீரகமும் காதும் வயிறும் படும் பாடு அதிகம். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்கு அதிகாலை பஸ் ஏறும் கேரள எல்லையோரத்து வீடுகளுக்கு அந்த வாந்தியும் சோர்வும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நோய் இருக்கும் இடத்திலேயே மருந்தை இறக்கினால் என்ன என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

ஜப்பானில் 5-ஃப்ளோரோயுராசில் என்ற புற்றுநோய் மருந்தை நெபுலைசரில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1993இல் வெளியானது. 2007இல் வெளியான ஒரு தொடக்கநிலைச் சோதனையில் சிஸ்பிளாட்டினை நுண்ணிய கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைத்து உள்ளிழுக்க வைத்தார்கள். நுரையீரலின் உட்பூச்சிலேயே உள்ள வகைக் கொழுப்பு அது. மருந்தை மெல்ல மெல்லக் கசிய விடும். ரத்தத்தில் மருந்து மிகக் குறைவாகவே சேர்ந்தது. அதே ஆண்டு வெளியான டாக்சோரூபிசின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தின் சோதனையிலோ அளவைக் கூட்டியபோது நுரையீரலே புண்பட்டது.

தடைகள் இன்னும் உண்டு. கட்டி அடைத்த குழாயில் காற்று போகாது. காற்று போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. எலும்புக்கோ மூளைக்கோ பரவிய நோயை இது தொடாது. சாதாரண நெபுலைசரில் ஊற்றிய மருந்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் நுரையீரலைச் சேரும். நோயாளி விடும் மூச்சிலுள்ள மருந்து பக்கத்தில் நிற்கும் நர்சையும் பாதிக்கும் என்பதால் வடிகட்டியும் தனி அறையும் வேண்டும். என் கணிப்பில் பெரிய முட்டுக்கட்டை இந்தக் கடைசி விஷயம்தான். சிறிய ஆஸ்பத்திரிகளால் அதைத் தாங்க முடியாது.

ஆனாலும் உழைப்பு வீண்போகவில்லை. கொழுப்புக் குமிழியில் அடைத்த அமிகாசின் என்ற கிருமிக்கொல்லி, பிடிவாதமான ஒரு நுரையீரல் தொற்றுக்கு 2018இல் அமெரிக்க அனுமதி பெற்றது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் காசநோய் மருந்துகளை உள்ளிழுக்கும் பொடியாக்க நெடுநாள் உழைத்திருக்கிறது.

பீடிப் புகையின் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் கீழே. மருந்து தட்டுத் தடுமாறித் தேடும் அதே ஆழத்துக்கு அவை தினமும் இறங்குகின்றன; மூச்சோடு வெளியேறாதவை அங்கேயே படிகின்றன.

மூச்சு வழிப் புற்றுநோய் மருந்து இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. ஆவியில் குணமாக்குகிறோம் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இருமல் மூன்று வாரம் தாண்டினாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ, நாள் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.