உங்களுக்குத் தெரியுமா? சிஸ்டர் ஏன் இன்னும் வேலையை விடவில்லை?

● நர்ஸுகள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று எல்லா நிர்வாகமும் மண்டையை உடைத்துக்கொள்ளும். 1983-இல் அமெரிக்க நர்ஸிங் அகாடமி, போகாமல் இருப்பவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்று பார்க்கப் புறப்பட்டது. 163 ஆஸ்பத்திரிகளில், நர்ஸுகள் விரும்பி வந்து நிலைத்த 41-ஐப் பொறுக்கி எடுத்து, 'காந்த மருத்துவமனைகள்' என்று பெயரும் வைத்தார்கள். கிடைத்த காரணங்களில் சம்பளம் உண்டு. நர்ஸ் சொல்வதை டாக்டர் காது கொடுத்துக் கேட்பதும், தன் நோயாளி விஷயத்தில் தானே முடிவெடுக்க முடிவதும் உண்டு.

● முதியோர் இல்லத்தில் இந்தக் கடைசிக் காரணத்துக்கு எடை அதிகம். டாக்டர் எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் நர்ஸின் கண்தான். வயதானவர்களுக்கு நோய் பாடப்புத்தகத்தில் உள்ளபடி வருவதில்லை. நிமோனியா இருக்கும், காய்ச்சல் இருக்காது. மாரடைப்பே வந்திருக்கும், நெஞ்சு வலித்திருக்காது. சிறுநீர்த் தொற்று, திடீர்க் குழப்பமாகத் தலைகாட்டும். நேற்றுவரை பேப்பர் படித்து அரசியல் பேசிய தாத்தா, இன்று காபியைத் தொடாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால், அவரை வருஷக்கணக்கில் பார்த்துவரும் சிஸ்டருக்குச் சட்டென்று உறைக்கும். புதிதாக வந்தவர் “வயசாயிடுச்சு, அப்படித்தான்” என்று நகர்ந்துவிடுவார். அந்த ஒரு பார்வையில் தொற்றைக் கண்டுபிடித்து ஆளைத் தேற்றிவிட்ட நர்ஸ், அவ்வளவு சீக்கிரம் வேறு வேலை தேட மாட்டார்.

● படுக்கைப் புண்ணுக்கு ஸ்பிரிட்டும் களிம்பும் தடவித் தேய்த்துக்கொண்டிருந்த காலத்தில், அதைவிட வேளை தவறாமல் புரட்டிப் படுக்க வைப்பதே பலன் தரும் என்று ஆராய்ந்து சொன்னவர் டோரீன் நார்ட்டன். இங்கிலாந்து நர்ஸ். படுக்கைப் புண் வரும் ஆபத்தைக் கணிக்க 1962-இல் வெளியான அவருடைய அளவுகோலில் உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், சிறுநீர் மலக் கட்டுப்பாடு என்று ஐந்து விஷயங்களுக்கு மொத்தம் 20 மதிப்பெண். 14 அல்லது அதற்குக் கீழே போனால் ஆபத்து. முதியோர் வார்டு என்றால் மூளைக்கு வேலை இல்லாத இடம் என்று நினைப்பவர்களிடம் இவரைப் பற்றிச் சொல்லலாம்.

● சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கியவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். 2012-இல் பத்மஸ்ரீ. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது 2024 பிப்ரவரி 25-இல்.

● வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் தேடி அரசு நர்ஸே வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியது. கூடவே இயன்முறை மருத்துவரும் வருவார்.

● கல்யாணமாகி, கைக்குழந்தையோடு சென்னைக்கு வெளியே ஊரப்பாக்கத்திலோ கூடுவாஞ்சேரியிலோ குடியிருக்கும் நர்ஸுக்கு, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி என்றால் அலைச்சல். நடந்துபோகும் தூரத்தில் ஒரு முதியோர் இல்லம் இருந்தால் அதுவும் நிலைத்திருக்க ஒரு காரணம்தான். “பாட்டிங்க மேல அவங்களுக்குப் பாசம்” என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்வது நமக்கு வசதி. பாசம் உண்மை, ஆனால் அதைக் காட்டித்தான் பல இடங்களில் சம்பளத்தைக் குறைக்கிறார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016-லேயே பரிந்துரைத்துவிட்டது.

● முதியோர் நர்ஸிங்குக்கென்றே ஓராண்டு டிப்ளமோ படிப்பை இந்திய நர்ஸிங் கவுன்சில் வைத்திருக்கிறது.

● அப்பா அம்மாவுக்கு இல்லம் பார்க்கப் போகிறீர்களா? ஏசி, தோட்டம், சாப்பாட்டுப் பட்டியல் எல்லாம் பிறகு பார்க்கலாம். இருப்பதிலேயே பழைய சிஸ்டர் யார், எத்தனை வருஷமாக இருக்கிறார், ராத்திரியில் ஒரு நர்ஸுக்கு எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த இல்லத்துக்குப் போங்கள்.