கைத்தசை மெலிவும் ஸ்கேன் அளவும்: எவ்வளவு நம்பலாம்?



மருத்துவ உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வருவோரில் சிலர் கையில் எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அறிக்கையோடு வருகிறார்கள். "போன முறை 10 மில்லிமீட்டர், இப்போது 9.6. சதை கரைகிறதா? இன்னொரு ஸ்கேன் எடுக்கட்டுமா?" என்பதே அவர்கள் கேள்வி. சேலம் வரை போய் வரும் செலவும் ஒரு நாள் கூலியும் இதில் போகின்றன. ஆகவே இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

கை ஏன் மெலிகிறது?

உள்ளங்கையிலுள்ள சிறு தசைகளை இரண்டு நரம்புகள் இயக்குகின்றன. ஒன்று அல்நார் நரம்பு. முழங்கையின் பின்புறம் இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்ததுபோல் சுண்டுவிரல் வரை பாய்கிறதே, அதுதான். மற்றொன்று மணிக்கட்டு வழியாக வரும் மீடியன் நரம்பு. நெடுநாள் சர்க்கரை நோய், மணிக்கட்டில் ஏற்படும் அழுத்தம், கழுத்து எலும்புத் தேய்வு, காயம், தொழுநோய் ஆகியவற்றால் இந்த நரம்புகள் பழுதாகலாம். அப்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை குழி விழும். சட்டைப் பொத்தான் போடுவதும் சாவி திருப்புவதும் சிரமமாகும்.

தொழுநோயாளியின் கைச்சதை தானே அழுகிவிடும் என்றுதான் ஒரு காலத்தில் நம்பினார்கள். அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் நம் பக்கத்துக் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். நரம்பு செத்ததால் சில தசைகள் மட்டுமே செயலிழக்கின்றன, உணர்ச்சி இல்லாததால் ஏற்படும் காயங்களே விரல்களை அழிக்கின்றன என்று எடுத்துக்காட்டினார். நன்றாக வேலை செய்யும் தசையின் தசைநாரை இடம் மாற்றித் தைத்து, மடங்கிப்போன விரல்களை மீண்டும் இயங்கச் செய்தார்.

ஸ்கேன் எப்படி அளக்கிறது?

கருவி அனுப்பும் ஒலி, தோல், கொழுப்பு, தசை, எலும்பு ஆகியவற்றின் எல்லைகளில் மோதித் திரும்புகிறது. உடலுக்குள் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் செல்வதாகக் கணக்கிட்டு, திரும்பி வந்த நேரத்தைக் கருவி ஆழமாக மாற்றுகிறது. இதில் கதிர்வீச்சு இல்லை. கருவி நுட்பமானதுதான். ஆனால் அதைப் பிடிப்பது மனிதக் கை.

கருவியைச் சற்று அழுத்தினால் தசை நசுங்கி அளவு குறையும். சாய்த்துப் பிடித்தால் கூடும். சில மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலும், நோயாளி விரலை இறுக்கினாலும் எண் மாறும். கைத்தசையே சிறியது என்பதால் அரை மில்லிமீட்டர் பிசகும் பெரிதாகத் தெரியும்.

ஆகவே ஆய்வாளர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒரே நபர் இருமுறை அளந்தால் ஒரே விடை வருகிறதா? வேறு நபர் அளந்தாலும் அதே விடை வருகிறதா? பொதுவாக முதலாவதில் ஒற்றுமை அதிகம், இரண்டாவதில் குறைவு. மேலாக உள்ள தசையை அளப்பது எளிது, ஆழத்தில் உள்ளதை அளப்பது கடினம். அளவீட்டில் இயல்பாக வரும் பிசகைவிடப் பெரிய மாற்றம் இருந்தால்தான் அதை உண்மையான மாற்றமாகக் கொள்வார்கள். வேறு வேறு இடத்தில் எடுத்த 10-க்கும் 9.6-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து மட்டும் தசை கரைந்தது என்று சொல்ல முடியாது.

தடிமன் என்பது பலமும் அல்ல. தசைக்குள் கொழுப்பு படிந்தால் தடிமன் பெரிதாகக் குறையாமலே பலம் குறையலாம். எனவே எண் குறையவில்லை என்று அலட்சியமாகவும் இருக்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

- மறுபடி ஸ்கேன் தேவையா என்பதை மருத்துவரே சொல்லட்டும். தேவையென்றால் அதே இடத்தில், இயன்றவரை அதே மருத்துவரிடம், பழைய அறிக்கையுடன் செல்லுங்கள்.
- இரு கைகளையும் அளக்கச் சொல்லுங்கள். வழக்கமாக வேலை செய்யும் கை சற்றுப் பருத்திருப்பது இயல்பே.
- பிடிபலம், தொடு உணர்ச்சி, நரம்புப் பரிசோதனை ஆகியவற்றோடு சேர்த்தே ஸ்கேன் எண்ணைப் பாருங்கள்.
- கை மரத்திருப்போர் ஃபஜ்ருக்கு வெந்நீரில் உளூ செய்யும்போது, சூட்டை வீட்டார் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. உணர்ச்சியற்ற தேமலையோ மரத்த விரலையோ, "பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது" என்று பயந்து மறைக்காதீர்கள். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பெரும்பாலும் 6 அல்லது 12 மாதச் சிகிச்சைதான். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவும் தன்மை போய்விடுகிறது. நரம்பு பாதித்து 6 மாதத்துக்குள் சிகிச்சை கிடைத்தால் கை மீளும் வாய்ப்பு அதிகம். அதற்குமேல் தாமதித்தால் எத்தனை ஸ்கேன் எடுத்தாலும் போன பலத்தை அது திருப்பித் தராது.

அளவில் மோசடி செய்வோரைக் கண்டிக்க ஒரு சூராவையே இறக்கியது நம் மார்க்கம். அளவைச் சரியாக எடுப்பதும், எடுத்ததைச் சரியாகப் புரிந்துகொள்வதும் நம் உடலுக்கு நாம் செய்யும் அமானிதம். ஸ்கேன் செலவுக்கு உதவி கேட்டு வருவோர் மருத்துவரின் பரிந்துரைச் சீட்டையும் கொண்டு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், இயன்றதைச் செய்வோம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்