வெப்பநிலை இறங்க மறுத்த உயரம்

விமானத்தை வடிவமைப்பவர்கள், அதன் உயரமானியைத் திருத்துபவர்கள், ராக்கெட் ஏவுபவர்கள் எல்லோரும் பொதுவாக வைத்துக்கொண்டிருக்கும் ஓர் அட்டவணை உண்டு. ‘சர்வதேசத் தரநிலை வளிமண்டலம்’ என்று அதற்குப் பெயர். இடப்பக்கம் கடல் மட்டத்திலிருந்து உயரம், கிலோமீட்டரில். வலப்பக்கம் அந்த உயரத்துக் காற்றின் சராசரி வெப்பநிலை, டிகிரி செல்சியஸில். நான்கு கிலோமீட்டருக்கு ஒரு வரியாக எடுத்தால் இப்படி வரும்:

0 — 15
4 — −11
8 — −37
12 — −56.5
16 — −56.5
20 — −56.5
24 — −52.5
28 — −48.5
32 — −44.5
36 — −33.3

வலப்பக்க எண்களை மட்டும் பார்த்தால் மேலே போனால் குளிரும் என்பதுதான் முதலில் தெரியும். அட்டவணை உண்மையில் பேசுவது வரிக்கும் வரிக்கும் உள்ள வித்தியாசத்தில். முதல் நான்கு கிலோமீட்டரில் 26 டிகிரி இறக்கம். அடுத்த நான்கிலும் அதே 26. சமமான படிக்குச் சமமான மாற்றம் என்றால் அது நேரிய சார்பு. வரைபடத்தில் போட்டால் நேர்க்கோடு. 26-ஐ 4-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி இறக்கம். இதுதான் சாய்வு, −6.5.

மூன்றாவது படியில் இறக்கம் 19.5 மட்டுமே. சாய்வு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது என்று நினைக்கத் தோன்றும். அடுத்த இரண்டு படிகளிலோ மாற்றமே இல்லை, சாய்வு பூஜ்யம். ஆக, 8-க்கும் 12-க்கும் நடுவே எங்கோ கோடு ஒடிந்திருக்கிறது. அட்டவணை அந்த இடத்தைக் காட்டவில்லை. ஆனாலும் கண்டுபிடித்துவிடலாம். 15 டிகிரியில் தொடங்கி −56.5-ஐத் தொட 71.5 டிகிரி இறங்க வேண்டும். கிலோமீட்டருக்கு 6.5 வீதம் அதற்குச் சரியாக 11 கிலோமீட்டர். எட்டிலிருந்து பதினொன்று வரை மூன்று கிலோமீட்டர் இறக்கம், 19.5, பிறகு சமதளம். இரண்டு வரிகளுக்கு நடுவே மறைந்திருந்த மூலையை இருபுறத்துச் சாய்வுகளே காட்டிக்கொடுக்கின்றன. அட்டவணை வாசிப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இந்த ஒடிவை முதலில் பார்த்தவர் பிரெஞ்சு வானிலையாளர் லியோன் டெசரான் த போர். பாரிசுக்கு அருகே த்ராப் என்ற ஊரில் தன் சொந்த ஆய்வகத்திலிருந்து கருவிகள் கட்டிய ஆளில்லா பலூன்களை அனுப்பினார். சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் வெப்பநிலை இறங்க மறுத்தது. வெயில் பட்டுக் கருவி சூடாகித் தவறாகக் காட்டுகிறதோ என்று சந்தேகித்து இரவிலும் பலூன் விட்டார். அப்போதும் அதே சமதளம். 200-க்கும் மேற்பட்ட பலூன்களுக்குப் பிறகு, 1902 ஏப்ரலில்தான் பிரெஞ்சு அறிவியல் கழகத்திடம் முடிவைச் சொன்னார். சில நாட்களிலேயே ஜெர்மனியின் ரிச்சர்ட் அஸ்மானும் இதையே அறிவித்தார். சாய்வு மாறினால் முதலில் கருவியைச் சந்தேகி, பிறகு இயற்கையை நம்பு என்ற அந்தப் பொறுமைக்குக் கிடைத்த பலன், ஒடிவுக்கு மேலே உள்ள ஸ்ட்ராடோஸ்பியர் என்ற காற்றடுக்கின் கண்டுபிடிப்பு.

ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. கீழே, வெயிலில் சூடான தரை காற்றைச் சூடாக்குகிறது. மேலே எழும் காற்று விரிந்து குளிர்கிறது. அதனால் சாய்வு எதிர்க்குறி. 20 கிலோமீட்டருக்கு மேல் அது +1, 32-க்கு மேல் +2.8. அங்கே ஓசோன் புற ஊதாக் கதிரை உறிஞ்சி காற்றை மேலிருந்தே சூடாக்குகிறது.

குறி மாறுவதன் விளைவு பெரியது. கீழே சூடும் மேலே குளிரும் இருந்தால் காற்று புரண்டு கலக்கும். மேகம், மழை, புயல் எல்லாம் அங்கேதான். சமதளத்தை எட்டியதும் அந்த எழுச்சி தடைப்படுகிறது. இடிமேகத்தின் உச்சி தட்டையாகப் பரவுவது இதனால்தான். இறக்கம் நின்ற உயரத்துக்கு மேலே போய்ச் சேர்ந்தது எளிதில் கீழே வராது. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் கந்தக டை ஆக்சைடை அங்கே கொண்டுசேர்த்தது. அதிலிருந்து உருவான நுண்துகள்கள் மழையில் கரைந்து இறங்க வழியின்றி ஓரிரு ஆண்டுகள் தங்கி, உலகச் சராசரி வெப்பநிலையை ஏறத்தாழ அரை டிகிரி குறைத்தன.

11 கிலோமீட்டர் என்பது நடு அட்சரேகைகளுக்கான எண். சென்னை மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறை அனுப்பும் பலூன்கள் வேறு அட்டவணையைக் கொண்டுவருகின்றன. வெப்பமண்டலத்தில் காற்றின் எழுச்சி வலுவானது. அதனால் இறக்கம் 16, 17 கிலோமீட்டர் வரை நீள்கிறது. தரையில் 30 டிகிரி என்று வைத்து, அதே 6.5 வீதம் 17 கிலோமீட்டர் இறங்கினால் −80.5 வருகிறது. பலூன்கள் அங்கே அளப்பதும் கிட்டத்தட்ட −80 தான். பாரிசுக்கு மேலே இருப்பதுபோன்ற நீண்ட சமதளமும் இங்கே இல்லை. அடியைத் தொட்டதும் சாய்வு குறி மாறி, வெப்பநிலை நேரே ஏறத் தொடங்குகிறது.