உப்பு விதைக்கும் வீதிகள்

உப்பு விளைவித்தல் நெய்தல் நிலத்தார் தொழில். உமணர் அதனை வண்டியேற்றி உள்நாடு கொண்டு சென்று நெல்லுக்கு மாற்றிய செய்தியைச் சங்கச் செய்யுள்களிலிருந்து பல ஆண்டுகளாகப் பாடஞ் சொல்லி வருகின்றேன். புத்தளக் களப்போரத்து உப்பளங்களில் அதனை வாரிக் குவித்துக் கிடுகால் மூடிப் பேணுவதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். அத்தகைய பொருளைத் தெருவிலே இறைக்கும் ஊரும் உண்டு என்றால் நம்பத் தோன்றுமோ? கனடாவின் ரொறன்ரோ நகரிற் குடியேறிய என் பழைய மாணாக்கர் ஒருவரின் கடிதம் நம்ப வைத்தது. "ஐயா, மாரி கழிவதற்குள் எங்கள் சப்பாத்துகள் உப்பளத்தில் வேலை செய்பவர் கால்போல் வெளுத்துவிடுகின்றன" என்று எழுதியிருந்தார்.

வீண் செயலென்று நகைத்தல் தகாது. தூய நீர் உறையும் 0 பாகையில் உப்பு நீர் உறைவதில்லை. ஆதலின் பனிக்கட்டி படிந்த வீதியில் உப்பைத் தூவினால் அது இளகிவிடும். வழுக்கி விழுவாரும் மோதும் ஊர்திகளும் குறைவர். உயிர் காக்கும் உப்பு அது. ஆயினும் குளிர் பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகையளவில் இறங்கினால் அதன் ஆற்றல் தளரும். 21 பாகைக்கும் கீழே எத்துணை கொட்டினும் பயனில்லை.

இளகிய உப்பு எங்கே போகிறது? அங்கேதான் இடர். அது மக்கி அழிவதன்று. மண்ணும் அதனைப் பிடித்து வைப்பதில்லை. ஓடைக்குப் போகும், நிலத்தடி நீருக்கு இறங்கும், கோடையிலும் ஊற்றுகளில் தலைகாட்டும். கனடா முழுவதிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 இலட்சம் தொன் வீதியுப்பு இவ்வாறு சென்றதை ஆராய்ந்த அந்நாட்டு அரசு, பெருமளவிற் கலக்கும்போது அது சுற்றுச்சூழலுக்கு நஞ்சு என 2001இல் முடிவு கூறிற்று. தடை செய்யவில்லை, 2004இல் நெறிமுறை வகுத்தது. குவியலை மூடி வை. வீதியின் வெப்பநிலை பார்த்து அளந்து தூவு. துள்ளிச் சிதறாதபடி நனைத்து இடு. பனி விழுமுன்பே உப்புக் கரைசலைத் தெளிக்கும் முறையும், கடுங்குளிரில் பீற்றூட்டுச் சாற்றைக் கலக்கும் முறையும் கையாளப்படுகின்றன. மணலிடலாமே என்பார்க்கு ஒரு சொல்: மணல் பிடிப்புத் தரும், பனியை இளக்காது, வடிகாலையும் அடைக்கும். வழக்குக்கு அஞ்சிக் கடை வாயில்களில் அளவின்றிக் கொட்டுவாரே பெருந்தலையிடி என்கிறார் என் மாணாக்கர். விருந்தினர் குறை சொல்வரோ என்றஞ்சிக் கறியைக் கரிக்கச் செய்யும் சமையற்காரரை நாமும் அறிவோம்.

இவ்வளவும் படித்தபின் நம்மூர்க் கிணறுகளே என் நினைவில் நின்றன. மேற்கே கடல், கிழக்கே களப்பு, நடுவே மணல். அம்மணலில் இறங்கிய மழைநீர், உப்புநீரின் மேல் எண்ணெய்போல் மிதந்து கிடப்பதே கற்பிட்டியின் நன்னீர். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி இருக்கும் என்பது கணக்கு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனை வரைந்தவர் பாடன் கைபன் என்னும் ஒல்லாந்தர். 1667இல் இங்கே கோட்டை எழுப்பத் தொடங்கியவரும் அவர் நாட்டாரே! அக்கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: இயந்திரம் வைத்து இறைத்து நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், கீழிருந்து உப்பு நாற்பதடி ஏற இடங்கொடுத்தவராவோம்.

நாம் வீதியில் உப்பிடுவதில்லை. வெங்காயப் பாத்தியிலும் மிளகாய்ப் பாத்தியிலும் யூரியா இடுகின்றோம். நாள்தோறும் நீர் பாய்ச்சும் மணலில் பயிர் உண்டது போக மிஞ்சியது நைத்திரேற்றாகிக் கிணற்றுக்கு இறங்குகின்றது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மிகுந்தால் கைக்குழந்தைகளின் குருதி உயிர்வாயுவைச் சுமக்க இயலாது தவிக்கும். இங்குள்ள கிணறுகள் பலவற்றில் வரம்பு கடந்திருப்பதை ஆய்வாளர் 1980களிலேயே காட்டினர். பசளையின்றி விளைச்சல் இல்லை, விளைச்சலின்றி அடுப்பு இல்லை. அதனை நானும் அறிவேன். எனினும் ஒரேயடியாகக் கொட்டாமல் சிறுசிறு கூறாக இடுதலும், சாணமும் தழையும் சேர்த்து மணலுக்குப் பிடிப்புத் தருதலும், தேவைக்கு மேல் இறையாமையும் நம்மால் ஆகாதவை அல்லவே.

மாணாக்கருக்கு மறுமொழி எழுதினேன். ஊர்ப் புதினம் கேட்டிருந்தார். அவர் தாயார் நலமென்றும், முற்றத்துக் கிணற்றில் இன்றும் நீரள்ளித் துணி துவைக்கின்றார் என்றும், தேநீருக்கு மட்டும் போத்தல் தண்ணீர் வாங்குகின்றார் என்றும் எழுதினேன்.